மையநோக்கு விசையா, திசைமாற்று விசையா?
வணக்கம். வட்டத்தில் சுற்றும் பொருளை மையத்தை நோக்கி இழுக்கும் விசையைப் பாடநூல் 'மையநோக்கு விசை' (centripetal force) என்கிறது. அதைத் 'திசைமாற்று விசை' என்று சொல்லலாமே என்பதுதான் என் யோசனை.

ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் சேலம் வந்து படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "கொண்டை ஊசி வளைவில கம்பியைப் பிடிச்சா கையே கழன்றுடும் போல இருக்கு. அந்த விசை செய்யற வேலை சுழின்னு சொல்றீங்களே சார்?" 20 வளைவும் தாண்டி வந்த கை. கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இயற்பியலில் 'வேலை' என்பது விசை ஒரு பொருளின் இயக்க ஆற்றலை (இயங்குவதால் அதற்கு இருக்கும் ஆற்றலை) மாற்றுவது; 'சுழி' என்றால் அந்த மாற்றம் பூஜ்யம். கை வலிப்பது தசைக்குள் செலவாகும் ஆற்றலால். கம்பி அவளைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புகிறது, அவ்வளவுதான். வளைவு முடிந்து டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் அதே கம்பி முன்னோக்கி இழுக்கிறது. அப்போதுதான் அவளுடைய இயக்க ஆற்றல் கூடுகிறது. 'மையநோக்கு விசை' என்ற சொல் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

நமக்குத் 'திசைவேகம்' (velocity, திசையோடு சேர்ந்த வேகம்) என்று அருமையான சொல் இருக்கிறது. அதையே இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். திசையை மட்டும் மாற்றுவது திசைமாற்று விசை. வேகத்தை மாற்றுவது வேகமாற்று விசை. இயக்க ஆற்றலில் வருவது வேகம் மட்டும்தான், அதனால் முதல் விசை செய்யும் வேலை சுழி. விளக்கமே தேவையில்லை, சொல்லே சொல்லிவிடுகிறது.

வழுவழுப்பான மேசைமேல் கயிற்றில் கட்டி வட்டமாகச் சுற்றும் 200 கிராம் கல், 1 மீட்டர் கயிறு, நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்று கணக்குக் கொடுத்தேன். இழுவிசை 0.8 நியூட்டன். பாதி வகுப்பு அதைச் சுற்றளவால் பெருக்கி, ஒரு சுற்றுக்கு 5 ஜூல் என்று எழுதியது. கல்லின் மொத்த இயக்க ஆற்றலே 0.4 ஜூல்! அந்த 5 ஜூல் உண்மையானால் ஒரே சுற்றில் கல்லின் வேகம் நொடிக்கு 7 மீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். 'திசைமாற்று' என்று படித்த பிள்ளை இப்படிப் பெருக்கப் போவதில்லை என்று நம்புகிறேன்.

நியூட்டன் இட்ட பெயரின் நேர்ப்பொருள் 'மையநோக்கு'தானே, அதை ஏன் தொட வேண்டும் என்று கேட்கலாம். சரிதான், வட்ட இயக்கத்தில் அது இருக்கட்டும். ஆனால் நீள்வட்டத்தில் சுற்றும் கோளைச் சூரியன் தன்னை நோக்கித்தான் இழுக்கிறது. ஆனாலும் அந்த இழுப்பு எப்போதும் பாதைக்குச் செங்குத்தாக இருப்பதில்லை; அதனால் கோளின் வேகம் கூடிக் குறைகிறது, வேலை நடக்கிறது. மையத்தை நோக்கினால் வேலை சுழி என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

'திருப்பு விசை' என்று சுருக்கலாமா என்றும் யோசித்தேன். அது ஏற்கெனவே பாடநூலில் கதவைத் திருப்பும் விளைவுக்குப் போய்விட்டது. 'திசைதிருப்பு' என்றால் பேச்சை மாற்றுவது போல ஒலிக்கிறது. அதனால் 'திசைமாற்று' என்பதே என் பரிந்துரை. பிரேக் பிடிப்பதும் 'வேகமாற்று' என்பதில் அடங்கும். அதற்குத் தனிச்சொல் வேண்டாம்.