கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்ததால்தான் ஷெல் தவறானதை அழித்ததா?

ஏட்டுச்சுருள் (கேள்வி):
வணக்கம். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் எடுத்த ஒலிப்பதிவுகளை லினக்ஸ் கணினியில் சேமித்து வருகிறேன். ஒரே இடத்தில் ‘பதிவுகள்’, ‘பழைய பதிவுகள்’ என இரண்டு கோப்புறைகள் இருந்தன. இரண்டாவதில் இருந்தவற்றை வேறு வட்டுக்கு மாற்றிவிட்டதால், அதை நீக்குவதற்கு, பாஷ் என்ற ஷெல்லுக்கு (நாம் எழுதும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) சிறிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு, ஒன்று எழுதினேன். கோப்புறையின் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதி ஒரு மாறியில் (மதிப்பைத் தாங்கும் பெயர்) வைத்து, அடுத்த வரியில் டாலர் குறியுடன் அந்த மாறியை, அழிக்கும் கட்டளையான ‘ஆர்எம்’முக்குக் கொடுத்தேன். ‘பழைய’ என்ற பெயரில் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி திரையில் வந்தது. கட்டளை நிறைவேறவில்லை என்று எண்ணிக்கொண்டு பார்த்தால், ‘பழைய பதிவுகள்’ அப்படியே இருக்கிறது, ‘பதிவுகள்’ போய்விட்டது. கடைசி ஒரு மாதத்துப் பதிவுகளுக்கு வேறு பிரதி இல்லை.

பெயரை மேற்கோள் குறிக்குள்தானே கொடுத்தேன்? தமிழ் எழுத்துகளை ஷெல் சரியாகப் படிப்பதில்லையா? என் நண்பர் தம் மேக் கணினியின் டெர்மினலில் அதே இரண்டு வரிகளைத் தட்டச்சு செய்தபோது சரியான கோப்புறையே நீங்கியது என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

கருந்திரை:
முதலில் அந்த வட்டில் வேறு எதையும் எழுதாமல் கணினியை நிறுத்திவையுங்கள். அழிந்த கோப்புகளின் இடத்தில் புதியது எதுவும் எழுதப்படாத வரையில், மீட்பு மென்பொருளால் சிலவற்றையாவது எடுக்க வாய்ப்புண்டு.

தமிழின் மேல் தவறில்லை; நடுவிலிருந்த இடைவெளிதான் காரணம். நீங்கள் இட்ட மேற்கோள் குறி, பெயரை மாறிக்குள் முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. அது மாறியின் உள்ளே தங்குவதில்லை. அடுத்த வரியைப் படிக்கும்போது பாஷ் முதலில் மாறியின் இடத்தில் அதன் மதிப்பை வைக்கிறது, பிறகு அந்த மதிப்பை இடைவெளி, தத்தல், வரிமுறிவு ஆகியவை வரும் இடங்களில் துண்டாக்குகிறது, அதன் பிறகு நட்சத்திரக் குறி போன்றவற்றை அவற்றுக்குப் பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரிக்கிறது, இவையெல்லாம் முடிந்த பின்னரே ‘ஆர்எம்’ ஓடத் தொடங்குகிறது. ஆகவே ‘ஆர்எம்’ கண்டது ‘பழைய’, ‘பதிவுகள்’ என்ற இரண்டு பெயர்களை. முதலாவது இல்லை என்று அறிவித்துவிட்டு, இரண்டாவதை அழித்தது. தான் பெற்ற கட்டளையை அது பிழையின்றியே நிறைவேற்றியிருக்கிறது.

பயன்படுத்தும் இடத்திலும் மாறியை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால் துண்டாக்கமும் விரிவாக்கமும் நின்றுவிடும். ஒற்றை மேற்கோள் குறி போட்டால் மாறியின் மதிப்பே வராது, டாலர் குறியோடு மாறியின் பெயர்தான் கட்டளைக்குப் போகும். உங்கள் நண்பரின் மேக்கில் 2019ஆம் ஆண்டின் கேட்டலினா பதிப்பு முதல் இசட்ஷெல் என்ற வேறொரு ஷெல்தான் இயல்புநிலை. அது மாறியின் மதிப்பைத் தானாகத் துண்டாக்குவதில்லை. அவர் அதே வரிகளை பாஷ் ஸ்கிரிப்டாக எழுதி ஓட்டியிருந்தால் அவருக்கும் இதே இழப்பு நேர்ந்திருக்கும்.

வைகைக்கரை:
இந்த நடத்தை எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 1971ஆம் ஆண்டு, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த கென் தாம்சனின் ஷெல்லில் மாறிகளே இல்லை. நட்சத்திரக் குறியை விரிப்பதற்குக்கூட ‘குளோப்’ என்ற தனி நிரல் இருந்தது. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்னின் ஷெல் வந்தது. அதில் மாறிகள் உண்டு, ஆனால் பல மதிப்புகளை வரிசையாக வைக்க அணி கிடையாது. ஒரே மாறியில் நான்கு கோப்புப் பெயர்களை இடைவெளி விட்டு எழுதிவைத்து, பயன்படுத்தும்போது அவை தனித்தனியாகப் பிரிய வேண்டும் என்பதே அன்றைய தேவை. பாஷ் 1989இல் அந்த இலக்கணத்தையே ஏற்றுக்கொண்டது. பின்னர் அணி வந்தபோதும் பழைய ஸ்கிரிப்டுகளுக்காகத் துண்டாக்கம் நீடிக்கிறது. என் மதிப்பீட்டில் இது இன்று நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்கிறது.

தமிழ்ப் பெயர்களை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. யூனிக்ஸ் கோப்புப் பெயரில் வரக் கூடாதவை சாய்கோடும் சுழி பைட்டும் மட்டுமே. மற்ற பைட்டுகள் எவையாயினும் அது ஏற்கும். தாம்சனே 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து வடிவமைத்த, எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும், அந்த மூன்றில் எதுவும் இடைவெளியாகவோ சாய்கோடாகவோ தவறாகப் பொருள்பட முடியாது. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், ‘பதிவுகள்’ என்ற சொல் 8 குறிகள், 24 பைட். மாறியின் பெயருக்கு மட்டும் பாஷில் ஆங்கில எழுத்துகளே வேண்டும்.

ஏட்டுச்சுருள்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு ஐயம்: ‘வரைவு’ என்று முடியும் எல்லாக் கோப்புகளையும் ‘முடிவு’ என்று முடியும்படி மாற்ற, பெயர் மாற்றும் கட்டளையைக் கொண்டு ‘எம்வி *வரைவு *முடிவு’ என்று எழுதலாமா? பழைய டாஸ் இயங்குதளத்தில் ‘ரென்’ கட்டளையால் இப்படிச் செய்த நினைவு இருக்கிறது.

கருந்திரை:
கூடாது. டாஸில் ‘ரென்’ கட்டளையிடம் நட்சத்திரக் குறி அப்படியே போய்ச் சேரும், அதற்குப் பொருள் காண்பது அந்தக் கட்டளையின் வேலை. இங்கே ஷெல் முன்னதாகவே விரித்துவிடுவதால் ‘எம்வி’ அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை. ‘வரைவு’ என்று முடியும் கோப்புகள் பல இருந்தால், கடைசியில் வருவது கோப்புறை இல்லை என்று அது மறுத்துவிடும். ஒன்றே ஒன்று இருந்து, ‘முடிவு’ என்று முடிவது எதுவும் இல்லாமலிருந்தால், அந்தக் கோப்புக்கு நட்சத்திரக் குறியோடு ‘*முடிவு’ என்றே பெயர் வைத்துவிடும். ‘முடிவு’ என்று முடியும் கோப்பும் ஒன்று ஏற்கெனவே இருந்தால் இன்னும் மோசம்: கேட்காமலேயே அதன் மேல் எழுதிவிடும்.

‘ஃபார்’ சுழற்சியில் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்து மாற்றுங்கள். முதல் முறை ‘எம்வி’க்கு முன்னால் ‘எக்கோ’ சேர்த்து ஓட்டினால், எந்தப் பெயர் எதுவாக மாறப்போகிறது என்பது திரையில் மட்டும் வரும், கோப்புகள் அசையாது. எழுதியதை இங்கே இடுங்கள், ஓட்டுவதற்கு முன் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.