பிரேக் மிதித்தால் டேஷ்போர்டில் பச்சை அம்பு எரிகிறது

கேள்வி: காரில் பிரேக் மிதித்தாலே இடது இண்டிகேட்டர் அம்பு லேசாக எரிகிறது. இண்டிகேட்டரும் போட்டால் பின்னால் இடது பிரேக் விளக்கு சேர்ந்து துடிக்கிறது. வலது பக்கம் சரியாக இருக்கிறது. பல்பு மாற்றியாச்சு. இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கும் ரிலே போயிருக்குமா?

பதில் 1: ரிலே இல்லை, எர்த் (கரண்ட் கார் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). பின் விளக்கில் பிரேக், பார்க்கிங், இண்டிகேட்டர் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எர்த் ஒயர்தான். அது விட்டுப்போனால் 21 வாட் பிரேக் பல்பின் கரண்ட், இண்டிகேட்டர் இழை வழியாகப் பின்னோக்கிப் போய் முன்பக்க விளக்கில் எர்த் தேடும். அம்பு எரிவது அதனால்தான்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை ஹோல்டரின் எர்த் தகட்டில், மறுமுனை பெயின்ட் இல்லாத பாடியில். பிரேக்கை ஒருவர் மிதிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. 2, 3 என்று காட்டினால் டிக்கிக்குள் இருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றி, துரு போக உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் உள்ளே இருக்கும் உலோக முனையையே மாற்றிவிடுங்கள், சுரண்டினால் மறுபடி பூக்கும்.

பதில் 2: மாற்றிய பல்பையும் கழற்றிப் பாருங்கள். பிரேக்கும் பார்க்கிங்கும் ஒரே பல்பு என்றால் 21/5 வாட் இரட்டை இழை வேண்டும். அதன் பக்க முளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. அங்கே ஒற்றை இழை பல்பை அமுக்கிச் சொருகினால் அடியில் உள்ள ஈயப்புள்ளி ஹோல்டரின் இரண்டு முனைகளையும் இணைத்துவிடும். பிரேக் மிதித்தால் பார்க்கிங் விளக்கெல்லாம் எரியும்.