வைஃபை பாஸ்வேர்ட் கணினிக்குள் எப்படிச் சேமிக்கப்படுகிறது? ஏன் ஹேஷ் செய்வதில்லை?

தூறல்:
ஒரே லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு இரண்டும் இருக்கின்றன. விண்டோஸ் செட்டிங்ஸிலேயே சேமித்த வைஃபை பாஸ்வேர்டைப் பார்க்க முடிகிறது. உபுண்டுவில் ரூட்டாக (நிர்வாகியாக) நுழைந்து, வைஃபை இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் ஃபைலைத் திறந்தால் வெறும் எழுத்தாகவே கிடக்கிறது. இணையதளங்கள் ஹேஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட, திரும்பப் பாஸ்வேர்டாக மாற்ற முடியாத குறியீடு) மட்டும்தானே வைத்துக்கொள்கின்றன, இங்கே ஏன் அப்படி இல்லை? லேப்டாப்பை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறேன். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பாஸ்வேர்டை எடுத்துவிடலாமா?

அச்சாணி:
இணையதளம் நீங்கள் தரும் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் இடம், அதற்கு ஹேஷ் போதும். உங்கள் லேப்டாப்போ ஒவ்வொரு முறை இணையும்போதும் தன்னிடம் கீ (பாஸ்வேர்டிலிருந்து உருவாகும் ரகசிய எண்) இருப்பதை ரவுட்டரிடம் நிரூபிக்க வேண்டும். அதனால் கீயைத் திரும்ப எடுக்கக்கூடிய வடிவில்தான் வைத்திருக்க முடியும்.

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் 8 முதல் 63 எழுத்து வரையுள்ள பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து, பிபிகேடிஎஃப்2 என்ற கணக்கீட்டு முறையில் 4096 சுற்று ஓட்டி 256 பிட் கீ உருவாக்குகிறார்கள். பாஸ்வேர்டை விட்டுவிட்டு இந்த 256 பிட்டை மட்டும் சேமிக்கலாம். ஆனால் அதைத் திருடியவர் அதை வைத்தே அந்த நெட்வொர்க்கில் நுழைந்துவிடுவார். ஒரே ஒரு லாபம்: அதே பாஸ்வேர்டை வேறு எங்காவது பயன்படுத்தியிருந்தால் அது நேரடியாக வெளியே தெரியாது.

லினக்ஸில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற வைஃபை இணைப்பு நிரலை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள் இப்படிக் கீயை மட்டும் சேமிப்பதுண்டு. அங்கே வழக்கமாக இடறும் இடங்கள் சில. கீயை உருவாக்கித் தரும் கட்டளை, அசல் பாஸ்வேர்டையும் கமென்ட் வரியாக மேலேயே எழுதிவிடும். அதை அழிக்காவிட்டால் செய்த வேலைக்கு அர்த்தமே இல்லை. அந்தக் கீயின் 64 ஹெக்ஸ் (0-9, a-f) எழுத்துகளை மேற்கோள் குறிக்குள் போட்டால் பாஸ்வேர்ட் என்று எடுத்துக்கொண்டு, 63-க்கு மேல் நீளம் என்று நிராகரித்துவிடும். நெட்வொர்க் பெயரை மாற்றினால் பாஸ்வேர்ட் அதேயானாலும் கீ மாறிவிடும், மறுபடி கணக்கிட வேண்டும். அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3-க்கு இந்த வழி உதவாது, அதற்கு அசல் பாஸ்வேர்டே வேண்டும்.

கல்வெட்டு:
விண்டோஸ் பக்கம்: புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். அதில் "கீமெட்டீரியல்" பகுதியில் 01000000டி08சி என்று தொடங்கும் நீளமான ஹெக்ஸ் வரிதான் பாஸ்வேர்ட். டிபிஏபிஐ என்ற விண்டோஸ் வசதி மூலம் என்கிரிப்ட் செய்தது (கீ இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியது), அதுவும் உங்கள் கணக்கின் பெயரில் அல்ல, விண்டோஸே பயன்படுத்தும் சிஸ்டம் கணக்கின் பெயரில். லாகின் செய்வதற்கு முன்பே வைஃபை இணைய வேண்டும் என்பதே காரணம். ஆகவே உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்ட் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்த ஃபைலின் பாதுகாப்பு அதனால் அதிகமாகாது.

டிஸ்கைக் கழற்றினால்? பாஸ்வேர்டைத் திறக்கும் சிஸ்டம் கணக்கின் மாஸ்டர் கீ, அதைத் திறக்கும் ரகசியம், அந்த ரகசியத்தைத் திறக்கும் பூட் கீ மூன்றும் அதே டிஸ்கில்தான் இருக்கின்றன. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) இல்லையென்றால், விஷயம் தெரிந்தவர் எடுத்துவிடுவார்.

எக்ஸ்எம்எல்லை மட்டும் காப்பி செய்து இன்னொரு கணினியில் போட்டால் வேலை செய்யாது, அந்தக் கணினியின் மாஸ்டர் கீ வேறு. இடம் மாற்ற வேண்டுமென்றால் நிர்வாகி அனுமதியோடு, கீ வெளிப்படையாக இருக்கும்படி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அந்த ஃபைலில் பாஸ்வேர்ட் பச்சையாக இருக்கும். இம்போர்ட் முடிந்ததும் அழித்துவிடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மறந்து விடப்படுவது இதுதான்.

தூறல்:
நன்றி. உபுண்டுவில் கீரிங்கில் (பயனரின் பூட்டிய பாஸ்வேர்ட் பெட்டகத்தில்) போட்டு வைக்க வழி இல்லையா?

அச்சாணி:
இருக்கிறது. கனெக்‌ஷன் ஃபைலில் பிஎஸ்கே-ஃபிளாக்ஸ் என்ற மதிப்பைப் பாருங்கள். 0 என்றால் ஃபைலிலேயே வெறும் எழுத்தாக இருக்கும்; 1 என்றால் பயனரின் கீரிங்கில்; 2 என்றால் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் கேட்கும். நெட்வொர்க் எடிட்டரில் பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்திலுள்ள ஐகானைத் தட்டினாலும் இதே தேர்வுகள் வரும். 1 வைத்தால் லாகின் ஆகும்வரை வைஃபை வராது. ஆட்டோ லாகின் போட்டிருந்தால் கீரிங் பூட்டியே இருக்கும், அதன் பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும்.

0-வில் விட்டாலும் ஃபைலின் உரிமை ரூட், அனுமதி 600 (ரூட் மட்டுமே படிக்க, எழுத முடியும்). பேக்கப்பிலிருந்து மீட்கும்போது இது 644 (எல்லோரும் படிக்கலாம்) ஆகிவிட்டால் நெட்வொர்க்மேனேஜர் அந்த ஃபைலையே ஒதுக்கிவிடும், கனெக்‌ஷன் காணாமல் போனதுபோல் தெரியும். உரிமையையும் அனுமதியையும் சரிசெய்து கனெக்‌ஷன்களை ரீலோட் செய்தால் வந்துவிடும்.

கல்வெட்டு:
கைமாற்றும் விஷயத்துக்கு: "இந்த நெட்வொர்க்கை மற" என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஃபைல் பட்டியலிலிருந்து போய்விடும், டிஸ்கில் அதன் தடயம் தங்கலாம். டிஸ்க் முழுவதும் பிட்லாக்கரோ லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷனான லக்ஸோ முதல் நாளிலிருந்தே இருந்தால் கவலை குறைவு. இல்லையென்றால் டிஸ்க் முழுவதையும் அழிக்கும் எஸ்எஸ்டியின் செக்யூர் எரேஸ் வசதியை ஓட்டிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

எப்படியிருந்தாலும் ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை, பழைய கீ யார் கையில் இருந்தாலும் பிறகு செல்லாது. அலுவலக நெட்வொர்க்கில் யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணைந்திருந்தால் சேமிக்கப்பட்டிருப்பது உங்கள் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்ட். அங்கே ரவுட்டரில் மாற்ற எதுவும் இல்லை, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைத்தான் மாற்ற வேண்டும்.