டெட் ஸ்டோரேஜ்: ‘தாங்குநீர்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

அணையில் நீர் எடுக்கும் மட்டத்துக்குக் கீழே, எடுக்காமல் நிற்கும் நீரைத்தான் ‘டெட் ஸ்டோரேஜ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே இதுவரை வந்தவை ‘செத்த கொள்ளளவு’, ‘பயன்படா நீர்’, ‘மடைக்கீழ் நீர்’. மூன்றையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கரிபா ஏரியை வைத்துச் சொல்கிறேன்.

சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே ஜாம்பசி ஆற்றை மறித்ததில் உருவான ஏரி அது. கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை நீர்த்தேக்கம், ஏறக்குறைய 180 கன கிலோமீட்டர். மின்சாரத்துக்கு எடுக்க முடிவது 475.5 மீட்டர் மட்டத்திலிருந்து 488.5 மீட்டர் வரையுள்ள மேல்நீர்தான். சுமார் 65 கன கி.மீ. மிச்சமெல்லாம் கீழேயே நிற்கும். 2022 நவம்பரில் அந்த மேல்நீர் 5 சதவீதத்துக்கும் கீழே போனதால், ஜிம்பாப்வே பக்கத்து மின்நிலையத்தை நிறுத்தச் சொன்னது ஆற்று ஆணையம். அன்றும் ஏரியில் 110 கன கி.மீ.க்கு மேல் தண்ணீர் இருந்தது!

அது பயன்படாத நீரா? பாசன அணையில் அடிப்பகுதியை முக்கியமாக வண்டலுக்கென்று விடுவார்கள். மின் அணையில் அதற்குக் கூடுதல் வேலை உண்டு. அடியில் அவ்வளவு நீர் நிற்பதால்தான் மேல்நீர் உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் வேகம்தான் டர்பைனைச் சுழற்றுகிறது. செத்ததும் இல்லை. டாங்கனிக்கா ஏரியிலிருந்து 1960-களில் கொண்டுவந்து விட்ட கப்பெண்டா மீன்தான் கரையோர மக்களின் பிழைப்பு. மட்டம் குறையும்போது அந்த மீனுக்கு எஞ்சுவது இந்த நீர்தான். அதன் அடியில் கிடப்பது டொங்கா மக்களின் பூர்விக நிலம். அணைக்காக சுமார் 57,000 பேரை அங்கிருந்து அகற்றினார்கள். அந்த நீருக்குச் ‘செத்த’ என்று பெயரிட எனக்குக் கை வராது.

‘மடைக்கீழ்’ அழகான சொல். ஆனால் ஏரிப்பாசனம் தெரிந்தவருக்கு அது மடைக்கு வெளியே பாயும் வயலைத்தான் நினைவூட்டும்.

ஆகவே என் பரிந்துரை: கீழே நிற்பது தாங்குநீர், மேலே எடுப்பது எடுநீர். இரண்டும் வினைத்தொகை, வாயிலும் எளிதாக வருகின்றன. கொள்ளளவைக் குறிக்கும்போது தாங்குகொள்ளளவு, எடுகொள்ளளவு. வண்டலைத் தாங்குவதும் அதே இடம் என்பதால் பாசன அணைக்கும் பொருந்தும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த 475.5 மீட்டர் எல்லைக்கு ‘எடுமட்டம்’ போதுமா, ‘கீழெல்லை மட்டம்’ என்று விரித்துச் சொல்ல வேண்டுமா? அணைப் பணியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.