பி மதிப்பு 0.03 என்றால் கருதுகோள் 97 விழுக்காடு உண்மையா?

கேள்வி

முதுகலை உளவியல் ஆய்வேட்டுக்காக ஒரு சிறு சோதனை செய்தேன். 40 பேரைக் குலுக்கல் முறையில் 20 பேர் கொண்ட இரு குழுக்களாகப் பிரித்து, ஒரே சொற்பட்டியலைக் கொடுத்தேன். முதற்குழு பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இரண்டாம் குழு இடையிடையே அதை மூடி வைத்துவிட்டு நினைவுகூர்ந்து பார்த்தது. மறுநாள் இரண்டாம் குழு சராசரியாக 2.1 சொற்களைக் கூடுதலாகச் சொன்னது. இரு குழுக்களிலும் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறும் அளவு) 3 சொற்கள். இரு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையில் பி மதிப்பு 0.03. எனவே "இம்முறை பயனளிப்பதற்கான நிகழ்தகவு 97 விழுக்காடு" என்று முடிவுரையில் எழுதினேன். நெறியாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை. 0.03 போக எஞ்சுவது 0.97 தானே?

மறுமொழி 1

கழித்தல் சரி, கழித்த இடம்தான் தவறு. இரு முறைகளுக்கும் இடையே உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை என்ற இன்மைக் கருதுகோளை மெய்யென்று வைத்துக்கொண்டால், தற்செயலால் மட்டுமே 2.1 சொற்களோ அதற்கு மேலோ, எந்தப் பக்கமாகவேனும், வேறுபாடு தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பி மதிப்பு சொல்கிறது. கருதுகோள் மெய்யாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி. யானைக்கு நான்கு கால் என்பதால் நான்கு கால் உள்ளதெல்லாம் யானை ஆகிவிடாது.

அந்த வேறு கேள்விக்கு விடை காண, சோதனைக்கு முன்பே அக்கருதுகோள் எவ்வளவு நம்பத்தக்கதாக இருந்தது என்பதும் தேவை. ஒரு துறையில் 1000 கருதுகோள்களைச் சோதிக்கிறார்கள், அவற்றில் 100 மட்டுமே மெய் என்று கொள்வோம். சோதனையின் திறன், அதாவது மெய்யான விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு, 80 விழுக்காடு என்றால் மெய்யானவற்றில் 80 பிடிபடும். பொய்யான 900இல் 5 விழுக்காடு, அதாவது 45, தற்செயலாகவே, பி மதிப்பு 0.05க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற வழக்கமான வரம்பைக் கடந்துவிடும். ஆக, "வெற்றி பெற்ற" 125 முடிவுகளில் 36 விழுக்காடு பொய். உங்கள் நிலை இவ்வளவு மோசமில்லை. நினைவுகூர்ந்து பயில்வதன் பயனுக்கு ஏற்கெனவே வலுவான சான்றுகள் உண்டு. ஆனால் அந்த வலு உங்கள் 0.03இலிருந்து வந்ததன்று.

மறுமொழி 2

என்னைக் கேட்டால், 97ஐ விட 2.1 என்ற எண்தான் அதிகம் உறுத்துகிறது. உங்கள் தரவுக்கு 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவோடு பொருந்தக்கூடிய உண்மை வேறுபாடுகளின் வீச்சு, ஏறத்தாழ 0.2 முதல் 4.0 சொற்கள் வரை வரும். விளைவு இல்லாததற்கு ஒப்பாகவும் இருக்கலாம், மிகப் பெரிதாகவும் இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

இன்னொன்றும் உண்டு. குழுவுக்கு 20 பேர், திட்ட விலக்கம் 3 என்னும்போது, வேறுபாடு ஏறத்தாழ 1.9 சொற்களைத் தாண்டினால்தான் பி மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கும். உண்மையான வேறுபாடு 1.5 சொற்கள்தான் என்றால், உங்கள் சோதனை அதைப் பிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். பிடித்தாலும் மிகைப்படுத்தியே காட்டும், ஏனெனில் 1.5 என்ற சரியான அளவு அந்த வாசலுக்குள் நுழையவே முடியாது. 80 விழுக்காடு திறனுக்குக் குழுவுக்கு 64 பேராவது வேண்டும். 2015இல் வெளியான கூட்டு முயற்சி ஒன்றில் 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் (0.05க்குக் கீழான பி மதிப்பு) பெற்றிருந்தன. மறுசெய்கையில் 36 விழுக்காடே பெற்றன, விளைவின் சராசரி அளவும் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது.

கேட்டவர்

நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதலில் குழுவுக்கு 15 பேருடன் பார்த்தபோது 0.09 வந்தது, அதன் பிறகே 5 பேர் வீதம் சேர்த்தேன். இது பாதிக்குமா?

மறுமொழி 1

பாதிக்கும். 0.05 என்ற வரம்பு, எத்தனை பேர் என்று முன்பே முடிவு செய்து ஒரே முறை பார்ப்பவருக்கு உரியது. வரம்பைத் தாண்டாதபோது மட்டும் ஆட்களைச் சேர்த்து மறுபடி பார்ப்பவர் தற்செயலுக்கு இரண்டாவது வாய்ப்பு தருகிறார். சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் ஆகிய ஆய்வாளர்கள் 2011இல் இதைக் கணினியில் ஓட்டிக் காட்டினர்: குழுவுக்கு 20 பேருடன் தொடங்கி, தேவைப்பட்டால் 10 பேர் வீதம் சேர்த்தால், தவறான கண்டுபிடிப்பின் விகிதம் 5இலிருந்து 7.7 விழுக்காடாக உயர்கிறது. இதுபோன்ற நான்கு சலுகைகளை ஒருசேர எடுத்துக்கொண்டால் 60ஐத் தாண்டுகிறது. நீங்கள் ஏமாற்றவில்லை, பலரும் நல்லெண்ணத்துடன் செய்வதுதான் இது. 15 பேரில் 0.09 வந்ததையும், பின்னர் சேர்த்ததையும் செய்முறைப் பகுதியில் அப்படியே எழுதுங்கள். அடிக்கப்பட்ட வரியின் இடத்தில் 2.1 சொற்களையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் வையுங்கள்.