லேட்டா வர்றது ஆளாலயா, சில்க் போர்டாலயா?

கேள்வி: பெங்களூருல டீம்ல ஒருத்தர் லேட்டா வந்தா 'பொறுப்பில்லை'ங்கிறோம். நாம லேட்டானா சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்ங்கிறோம். காரணத்தை எப்படிச் சரியாப் பிரிக்கிறது?

பதில் 1: உளவியலாளர் ஹெரால்டு கெல்லி 1967-ல சொன்ன மூணு கேள்வியைப் போடுங்க. மத்தவங்களும் லேட்டா? மத்த மீட்டிங்குக்கும் இவர் லேட்டா? இந்த மீட்டிங்குக்கு எப்பவுமே லேட்டா? எல்லாருமே லேட்னா ரோடு. இவர் மட்டும், எதுக்கும், எப்பவும்னா ஆள். இவர் மட்டும், இந்த 9 மணி மீட்டிங்குக்கு மட்டும், தினமும்னா நேரமும் ஆளும் ஒத்துவரலை. ஸ்கூல் வேன் நேரமோ என்னவோ, கேட்டுடுங்க.

பதில் 2: மூணாவது கேள்வியிலதான் சறுக்கும். ரெண்டு நாள் பார்த்துட்டு 'எப்பவும்'னு முத்திரை குத்திடுவோம். ரெண்டு வாரம் தேதி போட்டுக் குறிச்சு வைங்க, உங்க லேட்டையும் சேர்த்து.

பதில் 3: நமக்குச் சூழ்நிலை, அடுத்தவருக்குக் குணம்ங்கிற கணக்கையும் அப்படியே நம்பாதீங்க. உளவியலாளர் பெர்ட்ராம் மாலே 2006-ல 173 ஆய்வுகளைத் தொகுத்தப்ப, சராசரியில அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. கெட்டது நடந்தா தலைகாட்டுது.