மூடி நகரும் சதுரக் குழி: ரெனால்ட்ஸ் எண்ணை உயர்த்தினாலும் விடை அசைய மறுக்கிறது

சுழிமாணவன்:
சதுரக் குழிக்குள் பாய்ம ஓட்டத்தை ஓட்டச் சார்பு–சுழிமை முறையில் (அழுத்தத்தை நீக்கிவிட்டு, பாய்மம் சுழலும் அளவான சுழிமையைக் கணக்கிடும் முறை) கணக்கிடுகிறேன். 41×41 கட்டம், மூடியின் வேகம் 1. ரெனால்ட்ஸ் எண் (வேகம் × குழியின் அளவு ÷ பாகுமை, அதாவது பிசுபிசுப்பு) 1000 என வைத்தால், நடுச் செங்குத்துக் கோட்டில் கிடைமட்ட வேகத்தின் மிகக் குறைந்த மதிப்பு ஏறத்தாழ −0.24 என வருகிறது. எல்லோரும் ஒப்பிடும், கியா, கியா, ஷின் மூவரும் 1982இல் வெளியிட்ட அட்டவணையிலோ −0.38289. எண்ணை 400 ஆக்கினாலும் என் விடை பெரிதாக மாறவில்லை. சுவரில் சுழிமையின் மதிப்பைத் தரத் தாம் (Thom) என்பவரின் வாய்பாடுதான். குறிகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

கரையோரம்:
அழுத்தத்திற்கான எல்லை நிபந்தனையைப் பார்த்தீர்களா?

சுழிமாணவன்:
இந்த முறையில் அழுத்தமே வராதே.

வலைக்கண்:
வேகத்தோடு சுழிமை கடத்தப்படும் உறுப்புகளுக்கு எந்த வேறுபாட்டு முறை?

சுழிமாணவன்:
முதல் வரிசை அப்விண்ட் (ஓட்டம் வரும் பக்கத்துப் புள்ளியை மட்டும் எடுப்பது). இரு பக்கப் புள்ளிகளையும் எடுக்கும் மைய வேறுபாட்டில் தொடங்கினேன், சில நூறு படிகளில் எண்கள் வெடித்துவிட்டன. காலப் படி 0.01தான், பாகுமையால் சுழிமை பரவுவதற்கான காலப் படி வரம்பு (பரவல் வரம்பு) 0.156 வரை இடம் தருகிறது.

வலைக்கண்:
அங்கேதான் கோளாறு. அப்விண்ட் தன் பங்குக்கு uh/2 அளவு பாகுமையைச் சேர்த்துவிடும் (u வேகம், h கட்டப் புள்ளிகளின் இடைவெளி). உங்கள் h 0.025, மூடியருகே அது 0.0125. நீங்கள் கொடுத்த பாகுமை 0.001. பன்னிரண்டு மடங்குக்கு மேல்! உள்ளே வேகம் 0.3 என்றாலும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள், நிரல் தேனை ஊற்றுகிறது. 400க்கும் 1000க்கும் வேறுபாடு தெரியாததும் இதனால்தான்.

மைய வேறுபாடு வெடித்ததற்குக் காரணம் வேறு. இப்போதைய மதிப்புகளை மட்டும் வைத்து அடுத்த படிக்குப் போகும் முன்நோக்கு ஆய்லர் முறையோடு அதைச் சேர்த்தால் இன்னொரு வரம்பும் உண்டு: காலப் படி 2ν/(u²+v²)ஐத் தாண்டக் கூடாது (ν பாகுமை; u, v கிடைமட்ட, செங்குத்து வேகங்கள்). இங்கே அது 0.002. பரவல் வரம்பை மட்டும் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. நானும் ஒரு வாரத்தை இதற்குத் தொலைத்திருக்கிறேன்.

129×129 கட்டம், காலப் படி 0.001, மைய வேறுபாடு என ஓட்டிப் பாருங்கள்.

பழையநிரலர்:
நிறுத்தும் நிபந்தனையையும் கவனியுங்கள். ஒரு படியில் மாற்றம் 0.00001க்குக் கீழ் என்றால் போதும் என்று தோன்றும். காலப் படி 0.001 எனும்போது, அது ஓர் அலகு நேரத்திற்கு 0.01 மாற்றம். ஓட்டம் நிலைபெறவே இல்லை என்று பொருள். மாற்றத்தைக் காலப் படியால் வகுத்துப் பாருங்கள்.

சுழிமாணவன்:
இரவு முழுக்க ஓடியது. மிகக் குறைந்த வேகம் −0.38, அது வரும் உயரம் 0.17, அட்டவணையில் 0.1719. முன்பு வெறுமையாக இருந்த இடது கீழ் மூலையிலும் இப்போது ஒரு சிறு சுழல் தெரிகிறது. நன்றி. தாம் வாய்பாட்டின் மேல் வீணாகப் பழி போட்டுவிட்டேன்.